கட்டை வைத்த நேரம்

இல்லை தம்பி, நான் ஒற்றன் இல்லை. இதற்கு முன் இரண்டு பேர் கேட்டாயிற்று. ஒருவர் போலீஸ்காரர், இன்னொருவர் இந்த டீக்கடைக்காரர். போலீஸ்காரர் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "என்ன பெரியவரே, பிளேன் வர்ற நேரம்தான் இருக்கு. இதத்தான் உள்ள போர்டுலயே போட்டிருக்கானே" என்றார். போர்டில் இருப்பது வரவேண்டிய நேரம். நான் எழுதுவது வந்த நேரம். இரண்டும் ஒன்றா? இதைச் சொன்னால் அவர் சிரிக்கிறார். போகட்டும்.

உட்காருங்கள். உங்கள் மினுங்குகிற சட்டையைப் பார்த்தேன், உள்ளே வேலை என்று தெரிந்தது. இப்போது மணி பத்து ஐம்பத்தெட்டு. சென்னை விமானம் பதினொன்று நாற்பதுக்கு. நீங்கள் பதினொன்று இருபதுக்கு எழுந்தால் போதும். இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது. டீயை ஆற விடாதீர்கள்.

நான் சாத்தான்குளத்துக்காரன். பெயர் ஆசீர்வாதம். வயது அறுபத்தாறு. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ் முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து வைத்த டைம் கீப்பர் நான். முப்பத்தொரு வருஷம். ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு விசில், சுவரில் ஒரு கடிகாரம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, அதை எழுதுவதுதான் வேலை. ஒருவன் இரண்டு நிமிடம் பிந்தி எடுத்தால் பின்னால் வருகிறவனுடைய ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். டிரைவர்கள் எனக்கு 'செகண்டு முள்ளு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "அண்ணாச்சி, ஒரே ஒரு நிமிசம், ஒரு ஆள் ஓடி வருது" என்பான். விசிலை ஊதிவிடுவேன். ஒரு நிமிடம் கொடுத்தால் அது யாருடைய நிமிடம்? அடுத்தவனுடையது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு எண்ணத் தெரியும். பேசத்தான் வராது. அது சின்ன வயதிலிருந்தே அப்படி. இப்போது உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே என்று எனக்கே ஆச்சரியம். முன்பின் தெரியாதவர்களிடம் வருகிறது. வீட்டில் வராது.

என் மகள் பெயர் பியூலா. ஒரே பிள்ளை. பன்னிரண்டாவதில் கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு எங்கே போனது என்று நான் கேட்டேன். என் மனைவி ரத்தினபாய் அங்கன்வாடியில் ஆயா. "பிள்ளை நூத்தித் தொண்ணூத்தெட்டக் கொண்டாந்திருக்கு, இந்த மனுசன் ரெண்டத் தேடுதாரு" என்று தெருவுக்கே சொன்னாள்.

விமானம் ஓட்டப் போகிறேன் என்று பியூலாதான் சொன்னாள். என்னிடம் இல்லை, அவள் அம்மாவிடம். அவள் அம்மா என்னிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் தபால் அப்படித்தான் போகும். பணம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ரத்தினபாய் வழி நிலம், மிச்சம் வங்கி. அதை நான் எண்ணுவதில்லை. நான் எண்ணியது மணியை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், லைசென்ஸ் வேண்டுமானால் இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பரீட்சை தனி, வைத்தியப் பரிசோதனை தனி, ரேடியோவில் பேசுவதற்கு ஒரு பரீட்சை தனி. எல்லாவற்றுக்கும் மேலே இந்த இருநூறு. ஒரு மணி குறைந்தாலும் லைசென்ஸ் இல்லை. இது எனக்குப் பிடித்திருந்தது. இந்த வேலையில் எண்ணுகிறார்கள் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் கர்நாடகத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அவர்கள் மேல் தப்பு இல்லை, அதனால் பெயர் வேண்டாம். நான் அப்போதுதான் வேலையை விட்டிருந்தேன். ரத்தினபாய், "பிள்ளை தனியா கெடக்கு, அந்த ஊருச் சாப்பாடு ஒத்துக்கிடலியாம். நீங்க சும்மாத்தான இருக்கீங்க, போய்த் துணைக்கு இருங்க" என்று அனுப்பிவிட்டாள். ஓர் அறை எடுத்தோம். காலையில் சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, அவளுக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பேன். மொழி தெரியாது. கடையில் போய் விரலால் காட்டி வாங்குவேன். பதினான்கு மாதம் அப்படி இருந்தேன் தம்பி.

இருநூறு மணிக்குப் பதினான்கு மாதமா என்று கேட்பீர்கள். மூன்று விமானம். ஒன்று எப்போதும் ரிப்பேர். இருபத்து நான்கு பிள்ளைகள். ஒரு நாள் காற்று, ஒரு நாள் மூடுபனி, ஒரு நாள் பெட்ரோல் லாரி வரவில்லை. காலை ஐந்தரைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவாள். பதினொரு மணிக்கு வாடித் திரும்பி வருவாள். "இன்னைக்கும் இல்ல." அவ்வளவுதான் பேச்சு. தட்டு வைப்பேன், சாப்பிடுவாள், படிப்பாள், தூங்குவாள். நானும் அவளும் ஒரே அறையில் பதினான்கு மாதம் இருந்தோம். பேசியதை எல்லாம் சேர்த்து வைத்தால் இந்த டீ ஆறுகிற நேரம் கூட வராது.

எனக்குச் சும்மா இருக்க வராது. விமானத் திடலுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு சின்னப் பாலம், உட்காரக் கட்டைச்சுவர். அங்கே போய் உட்காருவேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. வாலில் எழுத்து இருக்கும். அவளுக்கு இன்றைக்கு எந்த விமானம் என்று காலையில் கேட்டு வைத்துக்கொள்வேன். அது ஓடி வந்து சக்கரம் தரையை விடும். நேரம் எழுதுவேன். திரும்பி வந்து சக்கரம் தரையைத் தொடும். நேரம் எழுதுவேன். கழித்தால் பறந்த நேரம். வெளியூர் போய் இறங்கிவிட்டு வருகிற நாளில் மட்டும் எத்தனை மணிக்கு ஏறினாய், எத்தனை மணிக்கு இறங்கினாய் என்று சாப்பிடும்போது கேட்டு எழுதினேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "எப்பா, பாலத்துல ஒக்காந்து பிளேனுக்கும் டைம் போடுதியளா?"

"சும்மாதாம்மா. காத்து வாங்குதேன்."

"அப்ப விசிலயும் கொண்டாந்திருக்கலாம்லா."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகத் தனியாக ஓட்டினாள். பதினொரு நிமிடம். இறங்கி வந்ததும் கூட இருக்கிற பிள்ளைகள் வாளி வாளியாகத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். அது அவர்கள் வழக்கமாம். நான் வேலிக்கு வெளியே இருந்து பார்த்தேன். ஆறு வாளி.

இருநூறு முடிந்தது என்று அவள் சொன்ன அன்றைக்கு நான் என் நோட்டைக் கூட்டினேன். நூற்று எழுபத்தொரு மணி முப்பது நிமிடம். மறுபடி கூட்டினேன். அதே. அவளுடைய புத்தகம் மேசையில் இருந்தது. ஒவ்வொரு முறை பறந்ததையும் எழுதி, சொல்லிக் கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்கி வைப்பார்களே, அந்தப் புத்தகம். அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். இருநூறு மணி ஐந்து நிமிடம்.

இருபத்தெட்டு மணி முப்பத்தைந்து நிமிடம் இடிக்கிறது.

அவள் நூற்று அறுபத்து மூன்று தடவை ஏறியிருக்கிறாள். வகுத்துப் பார்த்தேன். தடவைக்குப் பத்தரை நிமிடம். நாலைந்து பக்கம் வரி வரியாக ஒத்துப் பார்த்தேன், எல்லாம் பத்து, பதினொன்று. ஒரு நாள் இரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும், தவறாமல், பத்தரை நிமிடம் கூட்டி எழுதியிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் பஸ்காரர்களைப் பார்த்தவன் நான். தெரியாமல் விழுகிற தப்பு முன்னே பின்னே இருக்கும். ஒரே அளவாக இருந்தால் அது தப்பு இல்லை, திருட்டு.

அந்த நேரம் பார்த்துப் பாலத்தடியில் வடை மடித்த ஒரு தமிழ்ப் பேப்பர் கிடைத்தது. வண்டியில் வந்தவர் யாரோ போட்டுவிட்டுப் போனது. எங்கேயோ பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதி லைசென்ஸ் வாங்கினவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று போட்டிருந்தான். அதை நான்கு முறை படித்தேன்.

நீங்கள் கேட்பது தெரிகிறது. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அவளிடமே கேட்டிருக்கலாமே என்று. தம்பி, அவள் அப்போது விமானக் கம்பெனிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மனதைக் கலைக்கலாமா? சரி, சொல்லிக் கொடுக்கிறவரிடம் கேட்டிருக்கலாம். கேப்டன் சேதுமாதவன், பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். தினமும் பாலத்தைத் தாண்டித்தான் கார் போகும். கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். ஆனால் திருடியவனிடமே போய், திருடினாயா என்று கேட்டால் என்ன சொல்வான்?

எனக்கு ஒரு டிரைவர் இருந்தான், வேலாயுதம் என்று. பதினொரு நாள் வரிசையாக நான்கு நிமிடம் பிந்தி வந்தான். நான் எழுதினேன். பன்னிரண்டாவது நாள் முதலாளி அவனை நிறுத்திவிட்டார். பிறகுதான் தெரிந்தது, நாசரேத்தில் ரயில் கேட் மூடுகிற நேரத்தை மாற்றிவிட்டார்கள். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுதுவதுதானே என் வேலை? நான் எழுதியதைத் தப்பு என்று அவன் சொல்லவில்லையே. நான்கு நிமிடம் நான்கு நிமிடம்தானே.

இதை எதற்குச் சொன்னேன்? ஆமாம், கடிதம்.

லைசென்ஸ் தருகிற டெல்லி ஆபீசுக்கு எழுதினேன். மொட்டைக் கடிதம் இல்லை. என் பெயர், ஊர், பின்கோடு, எல்லாம் போட்டு எழுதினேன். தமிழில் எழுதியதை ஊருக்கு அனுப்பி, எங்கள் சபை வாத்தியாரை வைத்து இங்கிலீஷில் டைப் அடிக்கச் சொன்னேன். நோட்டை முழுவதும் ஜெராக்ஸ் எடுத்தேன், நாற்பத்தொரு பக்கம். 'என் மகள் பேரில் பொய்யான மணி ஏறியிருப்பதாகச் சந்தேகிக்கிறேன். அவள் அறியாதவள். குறைகிற இருபத்தெட்டு மணி முப்பத்தைந்து நிமிடத்தையும் அவள் பறந்து முடிக்க உத்தரவிட வேண்டும்.' பாருங்கள், அவளைத் தண்டிக்கச் சொல்லி எழுதவில்லை. மிச்சத்தைப் பறக்க விடுங்கள் என்றுதான் எழுதினேன். பதிவுத் தபால். ரசீது இன்னும் இருக்கிறது.

அதற்கு ஒன்பதாவது நாள் பியூலா வடக்கே இருந்து போன் பண்ணினாள். கம்பெனியில் எடுத்துவிட்டார்கள். அறுநூற்றுச் சொச்சம் பேர் எழுதி, பதினொரு பேர். என்னிடம்தான் பேசினாள், அம்மாவிடம் இல்லை. இருபத்தாறு நிமிடம் பேசினாள் தம்பி. அவ்வளவு நேரம் அவள் என்னிடம் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏதோ ஒரு மெஷினாம். இடது கையால் ஒரு புள்ளியை ஒரு கட்டத்துக்குள்ளேயே நிறுத்த வேண்டுமாம். காலால் இன்னொன்று. காதில் எண் சொல்லிக்கொண்டே இருப்பானாம், ஒற்றைப்படை வரிசையாக மூன்று வந்தால் வலது கையால் அமுக்க வேண்டுமாம். "மத்தவுக எல்லாம் கையத் தூக்கிட்டாவ எப்பா. எனக்கு எண்ணுததுதான் லேசா இருந்துச்சு" என்றாள்.

பிறகு மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்களாம். உங்கள் குடும்பத்தில் யாராவது விமானத் துறையில் இருக்கிறார்களா என்று. மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா கேப்டன், மாமா கேப்டன். இவள் சொன்னாளாம், "எங்க அப்பா பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர். அவரு ஒரு நிமிசம் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்ல. நான் அவரு பிள்ளை." மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம். அதில் ஒரு வயதானவர், "அப்படியானால் உன் விமானத்தில் நான் ஏறுவேன்" என்றாராம்.

அதைச் சொல்லிவிட்டு, "எப்பா, கேக்கியளா?" என்றாள்.

"கேக்கேன்மா" என்றேன்.

அப்போது சொல்லியிருக்கலாம், கடிதம் போயிருக்கிறது என்று. இருபத்தாறு நிமிடம் இருந்தது. அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். இடையில் பேசுவது எப்படி?

ஜூன் மூன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும். அதற்குள் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். லைசென்ஸ் வரவில்லை. அவளுக்கு மட்டும் இல்லை, இருபத்து நான்கு பிள்ளைகளுக்கும் வரவில்லை. புகார் வந்திருக்கிறது, விசாரணை முடியட்டும் என்று பதில் வந்தது. யார் புகார், யார் புகார் என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பியூலாவும் தேடினாள். "எவன்னு தெரியலப்பா, வயித்தெரிச்சல் புடிச்ச நாயி" என்றாள். நான் அவளுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். பள்ளிக்கூட ஆபீஸில் நீள மேசை. அதில் என் நோட்டின் ஜெராக்ஸ். ஒரு பக்கம் அதிகாரிகள், ஒரு பக்கம் கேப்டன் சேதுமாதவன். அவருக்குப் பின்னால், சுவரோரம், பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். பியூலா கடைசியில் நின்றாள். கையெழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏழுக்கு நான் குறுக்கே ஒரு கோடு போடுவேன்.

கேப்டன் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "ஐயா, நீங்க எப்ப இருந்து எப்ப வரைக்கும் எண்ணுனீங்க?" என்று கேட்டார்.

"சக்கரம் தரைய விட்டதுல இருந்து, தரையத் தொட்டது வரைக்கும்."

"உங்க பஸ் ஸ்டாண்டுல பஸ் எடுத்த நேரத்த எப்ப எழுதுவீங்க? ஊர் எல்லை தாண்டுன பிறகா?"

"இல்ல. இடத்த விட்டு அசைஞ்சதும்."

"வந்த நேரம்?"

"வந்து நின்னதும்."

"இங்கயும் அதேதான் ஐயா. சக்கரம் உருளாம வச்சிருக்கிற கட்டைய எடுத்து, பறக்கப் போறதுக்காக பிளேன் அசைஞ்சா எண்ண ஆரம்பிக்கணும். திரும்பி வந்து நின்னு, கட்டை வைக்கிறப்ப முடியும். ஓடுபாதைக்குப் போற நேரம், காத்து நிக்கிற நேரம், எல்லாம் சேத்திதான். உலகம் பூரா அப்படித்தான்."

யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. மற்றவர்கள் சிரிக்கவில்லை.

நான் சொன்னேன், தரையில் ஓடுவதைப் பறந்த நேரம் என்று எப்படிச் சொல்வது, அதற்குப் பெயர் ஓடின நேரம் அல்லவா என்று. ஓர் அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன். பறந்த நேரம் என்றால் பறந்த நேரம். அவர்கள் வழக்கம் வேறு என்றால் வாசலில் எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேளுங்கள். புகார் என்று வந்துவிட்டால் அவர்கள் விட முடியாது. எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள். எஞ்சின் ஓடின கணக்கு, திடலில் விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கிற உயரக் கூண்டின் பதிவேடு, எல்லாம். நான்கு மாதம். கடைசியில் கூண்டுப் பதிவேட்டில் இருந்த தரை ஓட்டத்தை என் நோட்டோடு கூட்டினார்கள். அவள் புத்தகத்துக்கும் அதற்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஏழு நிமிடம். பதினான்கு மாதத்துக்கு ஏழே நிமிடம்! பள்ளிக்கூடத்தில் ஒரு பொய்க் கணக்கும் இல்லை என்பதற்கு என் நோட்டுதான் சாட்சி ஆயிற்று. அந்த அதிகாரி எழுந்து எனக்குக் கை கொடுத்தார். "இப்படி ஒரு ரெக்கார்டு நான் பார்த்ததில்லை" என்றார். ரத்தினபாயிடம் வந்து சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் போய்விட்டது. மிச்சப் பத்துப் பேரை வைத்துக் கம்பெனிக்காரன் பயிற்சியை ஆரம்பித்துவிட்டான். அடுத்த தடவை பார்க்கலாம் என்றான். அடுத்த தடவை வரவில்லை. வேறு கம்பெனிகளும் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் போன் பண்ணினார்கள். சேலத்துக்காரர் ஒருவர், "ஏனுங்க பெரியவரே, உங்க ஊட்டு அரிசியில கல்லுப் பொறுக்கறதோட நிறுத்திக்கக் கூடாதுங்களா?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் மறக்கவில்லை.

பியூலா கேட்டது ஒன்றுதான். அன்றைக்கு அந்த ஆபீஸை விட்டு வெளியே வந்து, பாலம் வரைக்கும் என் கூடவே நடந்து வந்தாள். பாலத்தில் நின்றாள். "எப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றாள். அவ்வளவுதான். நான் பதில் யோசித்துக்கொண்டு இருந்தேன். அதற்குள் அவள் போய்விட்டாள்.

அது மூன்று வருஷம், இரண்டு மாதம், பத்தொன்பது நாள் ஆகிறது. அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. சண்டை இல்லை. வீட்டுக்கு வருவாள், கிறிஸ்துமசுக்கு வருவாள். நான் வைத்தால் சாப்பிடுவாள். அம்மாவிடம் பேசுவாள். பெங்களூரில் ஒரு விமான நிலையத்தில் டிக்கெட் பார்க்கிற கவுண்டரில் நின்றாள், இரண்டரை வருஷம். மற்றவர்களை ஏற்றி அனுப்பிக்கொண்டு. பறக்காமல் இருந்தால் லைசென்ஸ் செத்துவிடும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவ்வப்போது போய்ப் பறந்துவிட்டு வருவாள். அந்த மணிகள் என்னிடம் இல்லை. ரத்தினபாயிடம் கேட்டேன், "எத்தனை மணி பறந்தாளாம்?" அவள், "நீங்க வேணும்னா டெல்லிக்கு எழுதிக் கேளுங்க" என்றாள்.

போன வருஷம்தான் இந்தக் கம்பெனியில் எடுத்தார்கள். மறுபடி பரீட்சை, மறுபடி மெஷின், மறுபடி மூன்று பேர். இந்தத் தடவை அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்களா, இவள் என்ன சொன்னாள், எனக்குத் தெரியாது. பிறகு பயிற்சி. நிஜ விமானம் இல்லையாம், ஓர் அறைக்குள் விமானத்தின் மூக்கை மட்டும் வைத்திருக்கிறார்களாம். எஞ்சினில் தீ, சக்கரம் இறங்கவில்லை, எல்லாம் அதில் பொய்யாக வருமாம், இவள் நிஜமாகச் சமாளிக்க வேண்டுமாம். ஒன்றரை மாதம் அதில் வேர்த்திருக்கிறாள். இப்போது ஆள் ஏற்றுகிற விமானத்தில் வலப்பக்க நாற்காலி. பக்கத்தில் பெரிய கேப்டன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வருவார். இதுவும் பயிற்சிதான். இத்தனை தடவை என்று ஓர் எண் இருக்கிறது. அவர் போதும் என்றால் இவள் துணை விமானி. கேப்டன் ஆக ஆயிரத்து ஐந்நூறு மணி வேண்டும்.

இந்தத் தூத்துக்குடிக்கும் வருகிறாள் என்று ரத்தினபாய் சொன்னாள். எந்த நாள் என்று சொல்லவில்லை. அதனால் வருகிறேன். இரண்டு பஸ் மாறி. இது பதினெட்டாவது தடவை. நோட்டில் பதினேழு வரி. அந்தப் பதினேழில் எத்தனையில் அவள் இருந்தாள், தெரியாது. ஒன்றில் கூட இல்லாமல் இருந்திருக்கலாம்.

இங்கே பாருங்கள், இந்த நோட்டில் நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். சென்னையில் கட்டை எடுத்தது. சக்கரம் தொட்டது. இங்கே கட்டை வைத்தது. மொத்தம். இரண்டாவது கட்டம் மட்டும்தான் நிரம்பியிருக்கிறது. சக்கரம் தொட்டது வேலிக்கு வெளியே இருந்து தெரியும். மற்றதெல்லாம் கட்டடத்துக்கு அந்தப் பக்கம். பதினேழு வரியிலும் காலி.

இன்றைக்குக் காலையில் ரத்தினபாய், "இன்னைக்குள்ள பிளேன்ல வாராளாம்" என்றாள். இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். நாள் சொன்னது இதுதான் முதல் தடவை. அதைப் பியூலா சொல்லச் சொன்னாளா, இவளாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

நீங்கள்தானே கட்டை வைப்பது? முன்னாடி ஒரு நாள் டீக்கடைக்காரர் உங்களைக் காட்டிச் சொன்னார், இவர்தான் கட்டை வைக்கிறவர் என்று. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நான் யாரையும் அப்படிக் கூப்பிடுகிறவன் இல்லை. உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. கட்டையை வைத்ததும் வாட்சை ஒரு தடவை பாருங்கள். மணி, நிமிடம், அவ்வளவு போதும். செகண்டு வேண்டாம். இங்கே வந்து சொல்லிவிடுங்கள். அவளிடம் நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டாம். வேலையில் இருக்கிற பிள்ளை, மனதைக் கலைக்கக் கூடாது.

வாட்சைக் காட்டுங்கள். பார்த்தீர்களா, இரண்டு நிமிடம் வேகம். என்னுடையது காலையில் ரேடியோவில் வைத்தது. திருப்புங்கள். இன்னும் கொஞ்சம். போதும். பதினொன்று பத்தொன்பது.

எழுந்துவிட்டீர்களா? சரி, ஒரு நிமிடம் இருக்கிறது.

சக்கரம் தொட்டதும் நான் எழுத மாட்டேன் தம்பி. இன்றைக்கு எழுத மாட்டேன். நீங்கள் வந்து சொன்ன பிறகு சேர்த்து எழுதுகிறேன்.

இன்னொன்று. அந்த முதல் கட்டம் இருக்கிறதே, சென்னையில் கட்டை எடுத்த நேரம், அது உங்களுக்கும் தெரியாது. ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு மேலே இருப்பவர்களோடு பேசுவீர்களாமே. வலப்பக்க நாற்காலியில் பெண்பிள்ளை இருந்தால் கேளுங்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று. தொந்தரவு என்றால் வேண்டாம். பெரிய கேப்டன் இருப்பார், அவர் ஏதாவது நினைத்தால் வேண்டாம்.

யார் கேட்கிறது என்று அவள் கேட்டால்…

கேட்டால், சாத்தான்குளம் டைம் கீப்பர் கேட்கச் சொன்னார் என்று சொல்லுங்கள்.